ஏ வாங்கின மண்

காலை இந்தப் பக்கமா நீட்டிக்கோ தாயி. சாக்கு மேல மட்டும் வச்சிராத. நொய்தான், கோழிக்கு. கண்டக்டர் கேட்டார்ல, அவர்கிட்டச் சொன்னதுதான். கனமான சாமானெல்லாம் ஏத்தக் கூடாதுன்னு முகத்தைச் சுளிச்சாரு. கோழி தின்கிற நொய்யில என்ன கனம் இருக்கப் போகுதுன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன்.

ஜன்னல் பக்கம் நீயே இரு. எனக்குக் காத்து ஆகாது. போன மழையில பிடிச்ச சளி, நெஞ்சை விட்டு இறங்க மாட்டேங்குது. எப்படி இறங்கும்? வீட்டுக்குப் பின்சுவர் இல்ல. தார்ப்பாய் கட்டி வச்சிருக்கோம். காத்தடிச்சா படபடன்னு அடிச்சுக்கிட்டே கிடக்கும். அந்தச் சத்தத்துலயே எனக்குப் பாதி உயிர் போயிருச்சு.

நீ எங்க போற? அக்கா வீட்டுக்கா? எங்க ஊருக்கும் அங்கிட்டு. என்ன வேலை பார்க்குற? நர்சா! நல்லது தாயி. படிச்ச பிள்ளை, உனக்குப் புரியும். இந்தக் கதையை நான் யார்கிட்டச் சொன்னாலும் பாதியிலேயே சிரிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரரே சிரிக்கிறாரு. நீ சிரிக்காமக் கேளு. கடைசியில நியாயம் யார் பக்கம்னு மட்டும் சொல்லு, போதும்.

எங்க ஊர் நத்தக்குளம். முழுக்கக் கரிசல். மழை பெய்ஞ்சா செருப்பு மண்ணோட போயிரும், வெறுங்காலோட வீட்டுக்கு வரணும். வெயில் காய்ஞ்சா பாளம் பாளமா வெடிச்சு, ஆட்டுக்குட்டி கால் உள்ள போய் மாட்டிக்கும். அந்த மண்ணுலதான் பருத்தி, கம்பு, கொஞ்சம் மல்லி. எங்களுக்கு ஊருக்குக் கிழக்கால ஒரு துண்டு நிலம் இருக்கு. அதோட ஓரத்துலயே வீடு. நானும் அவரும் கல்லும் மண்ணும் சுமந்து கட்டுன வீடு தாயி அது. கூலிக்கு ஆள் வச்சது கொத்தனாருக்கு மட்டும்தான்.

ஊருக்குத் தார் ரோடு போடப் போறாங்கன்னு போன வருசம் வந்தாங்க. மேட்டுல இருந்து வர்ற மழைத் தண்ணி ரெண்டு இடத்துல ரோட்டைத் தாண்டிப் போகணும். ஒண்ணு எங்க வீட்டுப் பக்கத்துல உள்ள தாழ்வு. இன்னொண்ணு மேற்கால, ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டுப் பக்கத்துல. ரோட்டை உயர்த்திப் போட்டா தண்ணி போக அடியில வழி வைக்கணும்ல? எவ்வளவு பெருசா வழி வைக்கணும்னு பார்க்கத்தான் ஒரு பொண்ணு வந்துச்சு. இஞ்சினியர். ஷெர்லின்னு பேரு, நாகர்கோவில் பக்கம். ஒல்லியா இருக்கும். தலையில தொப்பி, கழுத்தைச் சுத்தித் துண்டு. கூட ரெண்டு ஆளுங்க.

அவங்க என்ன கொண்டு வந்தாங்கன்னு நினைக்கிற? அடியில்லாத அண்டா! நல்ல இரும்புல ரெண்டு வளையம், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. பெருசை மண்ணுல வச்சுச் சுத்தியலால அடிச்சு இறக்கினாங்க. அதுக்குள்ள சின்னதை இறக்கினாங்க. ரெண்டுலயும் தண்ணி ஊத்திட்டு, ஒரு ஸ்கேலை நட்டு வச்சு, குடை பிடிச்சு உட்கார்ந்துட்டாங்க. தண்ணி எவ்வளவு இறங்குதுன்னு பார்க்குறதும் கடிகாரத்தைப் பார்க்குறதும் எழுதுறதும். நூறு நாள் வேலைக்குப் போன பொம்பளைங்க எல்லாம் மண்வெட்டியைப் போட்டுட்டு வேடிக்கை பார்க்க வந்துட்டாங்க. அடியில்லாத அண்டாவுல தண்ணி ஊத்துறதுக்கு அரசாங்கச் சம்பளமான்னு ஒருத்தி கேட்டா. அந்தப் பொண்ணும் சேர்ந்து சிரிச்சுச்சு. கோபப்படல. அது நல்ல பொண்ணுதான் தாயி, அதை நான் குறை சொல்லல.

நான்தான் கேட்டேன், இது எதுக்கு மேடம்னு.

"மண்ணு தண்ணி குடிக்குதான்னு பார்க்குறோம் அக்கா. மளமளன்னு குடிக்கிற மண்ணுக்கு ஏ-ன்னு போடுவோம். குடிக்கவே மாட்டேன்னு தண்ணியை ஓட விடுற மண்ணுக்கு டி. நடுவுல பி, சி"ன்னு சொல்லுச்சு.

அவ்வளவுதான். மார்க்கு போட வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயம் வந்துருச்சு.

ஏன்னு கேக்குறியா? நான் அஞ்சாவதுல ஃபெயில் தாயி. கணக்குல. பரீட்சைப் பேப்பர்ல சிவப்பு மையில ஒரு சுழி போட்டு, அதுக்குக் கீழ ஒரு கோடு. அதைப் பார்த்தாரு எங்க ஐயா. மறுநாள் காலையில என்னைத் தீப்பெட்டி ஆபீசு வண்டியில ஏத்தி விட்டுட்டாரு. அதுல இருந்து கல்யாணம் ஆகுற வரைக்கும் தீப்பெட்டிதான் ஒட்டினேன். வாத்தியார் போட்ட ஒரு சுழி. என் கூடப் படிச்சவ ஒருத்தி, அவளும் என்னை மாதிரி மக்குதான், பக்கத்துல இருந்தவளைப் பார்த்து எழுதித் தேறிட்டா. இன்னைக்கு அவ சத்துணவுல இருக்கா. அதனால மார்க்கு போடுறாங்கன்னா அது என்னன்னு எனக்குத் தெரியும். படிச்சவங்களுக்குத்தான் அது வெறும் எழுத்து.

அதுக்கு மேல, வேலைக்கு வந்த பொம்பளைங்க வேற ஒரு சேதி சொன்னாங்க. டி விழுந்தா அந்த நிலத்தைத் தரிசுன்னு எழுதிருவாங்களாம். தரிசுன்னு எழுதிட்டா எடுத்துக்கிட்டு, அதுல குளம் வெட்டிருவாங்களாம். யார் சொன்னான்னு கேட்டா, யாரோ சொன்னாங்க. அப்படிச் சேதி பொய்யா இருந்து நான் பார்த்ததில்ல. நல்ல சேதிதான் பொய்யாப் போகும். கெட்ட சேதி என்னைக்குப் பொய்யாப் போயிருக்கு?

முதல் நாள் எங்க நிலத்து நடுவுலதான் வளையத்தை இறக்கினாங்க. கோடை, மண்ணு வாயைப் பிளந்து கிடந்துச்சு. ஊத்துன தண்ணி கொடகொடன்னு உள்ள போயிருச்சு. குடம் குடமா ஊத்துறாங்க, குடிச்சுக்கிட்டே இருக்கு. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். "பார்த்தீங்களா மேடம், எங்க மண்ணு என்னமாக் குடிக்குது! ஏ போட்டுருங்க"ன்னேன்.

அந்தப் பொண்ணு தலையை ஆட்டிருச்சு. "இது வெடிப்பு குடிக்கிறது அக்கா, மண்ணு குடிக்கல. ரெண்டு மழை பெய்ஞ்சா வெடிப்பு மூடிக்கும்ல? அதுக்கப்புறம் எவ்வளவு குடிக்குதுன்னுதான் பார்க்கணும். நல்லா ஊற விட்டுட்டுப் போறோம். நாளைக்கு வந்து கணக்கு எடுக்குறோம்"னு சொல்லிட்டு, சாயங்காலம் வரைக்கும் தண்ணி ஊத்திட்டு வளையத்தை அங்கேயே விட்டுட்டுப் போயிருச்சு.

பொழுது சாயுற நேரம் நான் போய்ப் பார்த்தேன். கரிசலு ஊறி உப்பி, வெடிப்பெல்லாம் ஒட்டிக்கிட்டு, பிசைஞ்ச மாவு மாதிரி ஆகிப் போச்சு. வளையத்துக்குள்ள தண்ணி அப்படியே நிக்குது. வெண்கலப் பானையில ஊத்தி வச்ச மாதிரி. குத்த வச்சு உட்கார்ந்து பார்த்தேன், பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கல. என் முகம்தான் அதுல தெரிஞ்சுச்சு. போச்சுடா, டி-தான்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து, வடிச்ச சோத்தை அப்படியே மூடி வச்சுட்டேன். அவர்கிட்டச் சொன்னா, "டி-னா டி போட்டுட்டுப் போறாங்க, நீ தூங்கு"ங்கிறாரு. நிலம் போனா எங்க போய்த் தூங்குறதாம்?

காலையில முதல் வேலையா எருமையை அவுத்தேன். அந்த ஈரத்துல கொண்டு போய் விட்டேன். எருமைக்கு ஈரத்தைக் கண்டா சொல்லணுமா? புரண்டு எந்திரிச்சு, மிதிச்சு, வளையத்தைச் சாய்ச்சு, அந்த இடத்தைச் சேறாக்கிட்டுத்தான் வந்துச்சு.

அவங்க வந்து பார்த்துட்டு நொந்து போயிட்டாங்க. நானும் தலையில அடிச்சுக்கிட்டேன். "கட்டுத்தறியை அத்துக்கிட்டு வந்துருச்சு மேடம், பாழாப் போன சவம்"னேன். அப்புறம் மோர் கரைச்சுக் கொடுத்தேன். பாவம், அந்த வெயில்ல முகமெல்லாம் கொப்புளம் அதுக்கு. "ஏன் மேடம் நடு வெயில்ல கிடந்து சாகுறீங்க? எங்க வேப்பமரத்தடியில வைங்க. அதுவும் இதே நிலம்தான். நிழலு கிடைக்கும்ல"னேன்.

வேப்பமரத்தடியில என்ன விசேஷம்னு கேளு. வீடு கட்டும்போது அங்கதான் குழி தோண்டி மண்ணு எடுத்தோம். வேலை முடிஞ்ச பிறகு மிச்சம் கிடந்த ஓடை மணல், சல்லி, உடைஞ்ச செங்கல் எல்லாத்தையும் அந்தக் குழியிலதான் கொட்டி மூடினோம். மேல சருகு விழுந்து விழுந்து பார்க்குறதுக்கு நிலம் மாதிரியே இருக்கும். எவ்வளவு மழை பெய்ஞ்சாலும் அந்த இடத்துல மட்டும் ஈரம் நிக்காது. அங்கதான் நான் துணி காயப் போடுவேன்.

வளையத்தை இறக்கினாங்க. தண்ணி ஊத்துனாங்க. தாயி, நீ பார்த்திருக்கணும்! பேச்சு மூச்சு இல்லாமக் குடிக்குது. அன்னைக்கு முழுக்க ஊத்திப் பார்த்துட்டாங்க, குடிக்கிற வேகம் குறையவே இல்ல. அந்தப் பொண்ணுக்கு நம்ப முடியல. திருகி இறக்குற ஒரு கம்பி வச்சிருந்துச்சு, அதை இறக்கி அடிமண்ணை எடுத்துப் பார்த்துச்சு. மணலா வருது.

"அக்கா, இங்க ஏதும் தோண்டி மூடலையே? உண்மையைச் சொல்லுங்க. இதை வச்சுத்தான் இந்தப் பக்கத்துக்கே கணக்குப் போடணும்"னு கேட்டுச்சு.

எங்க வீட்டுக்காரர் பக்கத்துலதான் நிக்குறாரு. வாயைத் திறந்தாரு. எனக்குத் தெரியும் அவரைப் பத்தி, அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. நான் முந்திக்கிட்டேன். "தோண்டுறதா? எங்க மாமனாரு காலத்துல இது ஓடை போன பாதை மேடம். அப்பவே மணலுதான்"னேன். அவரு என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, பீடி வாங்கப் போறேன்னு போயிட்டாரு. மடியில பீடிக்கட்டு இருக்கும்போதே போனாரு.

ஏ போட்டாங்க.

என்ன முழிக்கிற? யார் குடியைக் கெடுத்தேன் நான்? என் நிலத்துல நல்ல இடமாப் பார்த்துக் காட்டினேன். பொண்ணு பார்க்க வரும்போது நல்ல சேலை கட்டித்தானே நிறுத்துறோம்? அடுப்படியில நிக்கிற கோலத்துலயா கொண்டு வந்து நிறுத்துறோம்?

இந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி கதையைக் கேளு. அவரும் டி விழுந்துறக் கூடாதுன்னுதான் நினைச்சாரு. ஆனா அவருக்குப் பவுசு ஜாஸ்தி. அதிகாரிங்க வர்றாங்கன்னு களத்து மேட்டைக் கூட்டி, சாணி போட்டு மெழுகி, ஓரத்துல கோலம் வேற போட வச்சாரு அவர் பெண்சாதியை. களத்துல வளையம் இறங்கவே இல்ல, சுத்தியல் தெறிக்குது. "இங்க வேண்டாம் ஐயா, உங்க நிலத்துல வச்சுக்குறோம்"னு அந்தப் பொண்ணு சொன்னா, "நிலம் என்ன மேடம் நிலம், எல்லாம் இதே மண்ணுதான், இது சுத்தமான இடம்"னு மல்லுக்கு நிக்குறாரு. களத்தை விட்டுட்டு நிலத்துல போய் ஊற வச்சு அடுத்த நாள் எடுத்தாங்க. அங்கயும் மண்ணு குடிக்கல. தண்ணி கண்ணாடி மாதிரி நின்னுச்சு. டி.

மனுசன் துண்டைத் தலையில போட்டு உட்கார்ந்துட்டாரு. அவர் பெண்சாதி ரெண்டு நாளு அவர் கூடப் பேசல. நான் தண்ணிக் குடத்தோட அந்தப் பக்கமாப் போனேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன அண்ணாச்சி, பிள்ளை ஃபெயிலாப் போச்சாமே?"ன்னு கேட்டேன். "போ தங்கச்சி, எரியுற நெருப்புல எண்ணெய் ஊத்தாத"ன்னாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில நான் பாஸானது அந்த ஒரு தடவைதான் தாயி. பொய் சொல்லல.

இதுக்கப்புறம்தான் அநியாயம். கவனமாக் கேளு.

ஆடியில ரோட்டு வேலை ஆரம்பிச்சாங்க. மேற்கால, டி வாங்குன அண்ணாச்சி வீட்டுப் பக்கத்துல ஜேசிபி நிக்குது, கம்பி கட்டுறாங்க, கான்கிரீட் கொட்டுறாங்க. பார்த்தா மூணு கண் பாலம்! ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு மாட்டு வண்டி நுழைஞ்சு வரலாம். கிழக்கால, ஏ வாங்குன எங்க பக்கத்துல? ஒரு சிமெண்ட் குழாய். ஒண்ணே ஒண்ணு. நாய் நுழைஞ்சா திரும்ப முடியாது. அதைப் புதைச்சு மேல மண்ணைத் தள்ளி ரோட்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க.

இது எந்த ஊரு நியாயம்? நல்ல மார்க்கு வாங்குனவனுக்கு ஒரு குழாய், ஃபெயிலானவனுக்கு மூணு கண் பாலமா? நான் அன்னைக்கே சொன்னேன், அண்ணாச்சி யாரையோ பார்த்திருக்காருன்னு. அவர் மச்சினன் டவுன்ல பெரிய ஆளு. எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, குழாயையும் வேப்பமரத்தையும் மாறி மாறிப் பார்க்குறாரு. "நீ ஏ வாங்குன, அதான்"ங்கிறாரு. அந்தப் பேச்சைக் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்? கட்டுன புருசனே அடுத்தவன் பக்கம் பேசுறாரு.

ஐப்பசி பிறந்துச்சு. மழை பிடிச்சுக்கிச்சு. முதல் மழை வெடிப்புல போச்சு. அடுத்த மழையில கரிசலு மூடிக்கிச்சு. அதுக்கடுத்து ஒரு மழை பெய்ஞ்சுச்சு பாரு, காலையில ஆரம்பிச்சு மத்தியானம் வரைக்கும், வானமே அறுந்து விழுந்த மாதிரி. மேட்டுக் காட்டுத் தண்ணி பூராம் மண்ணுல ஒரு சொட்டுக் கூட இறங்காம வழுக்கிக்கிட்டு வருது. வந்த தண்ணி ரோட்டுல முட்டுச்சு. அந்த ஒத்தைக் குழாய் என்ன பண்ணும்? அது முக்குது முனகுது. மிச்சம் எல்லாம் திரும்பி எங்க வீட்டுப் பக்கம் ஏறிருச்சு.

அடுப்படியில தண்ணி. அப்புறம் கட்டில் உயரத்துக்குத் தண்ணி. எருமையை அவுத்து ரோட்டு மேல ஏத்துனோம். கோழிக் கூடையைத் தலையில வச்சுக்கிட்டு நான் ரோட்டுல நிக்குறேன், அவரு உள்ள போய் அரிசி மூட்டையைத் தூக்கப் பார்க்குறாரு. வெளிய வாங்க, வெளிய வாங்கன்னு நான் கத்துறேன். அவரு வாசப்படி தாண்டுறாரு, பின்சுவரு அப்படியே உட்கார்ந்துருச்சு. சத்தம் கூடப் பெருசா வரல. பொத்துன்னு. களைச்சுப் போன பொம்பளை உட்கார்ற மாதிரி உட்கார்ந்துச்சு. நானும் அவரும் கல்லு சுமந்து கட்டுன சுவரு.

மேற்கால அண்ணாச்சி வீட்டுல வாசக் கோலம் கூட அழியல. மூணு கண்ணுலயும் தண்ணி சிங்காரமா ஓடுது. அந்த மனுசன் குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. உதவிக்குத்தான் வந்தாரு, எருமையை அவர் வீட்டுல கொண்டு போய்க் கட்டினாரு, ராத்திரி எங்களுக்குச் சோறும் அங்கதான். ஆனா வாய் சும்மா இருக்குமா? "என்ன தங்கச்சி, பாஸான பிள்ளை தண்ணியில நிக்குது?"ன்னு கேட்டாரு. அந்தச் சோறு எனக்கு எப்படித் தாயி இறங்கும்? ஆனாலும் தின்னேன். பசி.

அதுக்கப்புறம் அலைச்சல்தான். திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை மனு. இந்த ஆபீசுக்குப் போனா அந்த ஆபீசுங்கிறாங்க, அந்த ஆபீசுக்குப் போனா சாப்பாட்டு நேரம்ங்கிறாங்க. கார்த்திகை போச்சு, மார்கழி போச்சு. நடந்து நடந்து குதிகால் வெடிச்சு, எங்க நிலம் மாதிரி ஆகிப் போச்சு. எனக்கு அலுத்துப் போச்சு தாயி. யாரையும் திட்டக் கூடச் சத்து இல்ல. கடைசியில போன வாரம்தான் அந்த ஷெர்லின் பொண்ணையே நேர்ல பிடிச்சேன். என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு நாற்காலி போட்டுச்சு. வீடு இடிஞ்சது அதுக்குத் தெரியாது போல. சொன்னதும் முகம் செத்துப் போச்சு.

நான் கேட்டேன், "எங்க மண்ணு ஏ-தானே? டி வாங்குனவருக்கு மூணு கண்ணு வச்சீங்களே, ஏ வாங்குன எனக்கு ஆறு கண்ணுல்ல வச்சிருக்கணும்?"

அது என்னையே பார்த்துச்சு. அப்புறம் மெதுவா, பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுது. "அக்கா, மண்ணு தண்ணியைக் குடிச்சிருச்சுன்னா ரோட்டுக்கு வர்ற தண்ணி கம்மி. அதுக்குக் குழாய் போதும். மண்ணு குடிக்கலைன்னா பெய்ஞ்சது பூராம் ஓடி வரும். அதுக்குத்தான் பெரிய பாலம். ஏ, டி எல்லாம் மார்க்கு இல்ல அக்கா. உங்க மண்ணு டி-யா இருந்திருந்தா உங்களுக்கும் மூணு கண் பாலம்தான் வச்சிருப்போம்."

எப்படி இருக்கு பேச்சு? கெட்ட மண்ணு வச்சிருக்கிறவனுக்குப் பெரிய பாலமாம், நல்ல மண்ணு வச்சிருக்கிறவனுக்குக் குழாயாம். எந்த ஆபீசுல அப்படிக் கொடுத்திருக்காங்க? ஃபெயிலானவளை யார் மேல் வகுப்புக்கு அனுப்பினாங்க? என்னைத் தீப்பெட்டி ஒட்டத்தானே அனுப்பினாங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு தாயி. என் வாயாலயே என் மண்ணு டி-ன்னு சொல்ல வைக்கப் பார்க்குறாங்க. சொல்லிட்டா, "பார்த்தியா, நீயே சொல்லிட்ட, தரிசு"ன்னு எழுதிட்டு நிலத்தையும் எடுத்துக்குவாங்க. அண்ணாச்சி நிலத்துலயே பாலத்துக்குன்னு ஒரு ஓரத்தை எடுத்துக்கிட்டாங்க. டி-க்கு அதுதான் கதி. நான் அசையல. "எங்க மண்ணு ஏ-தான் மேடம்"னு சொல்லிட்டேன்.

அது பெருமூச்சு விட்டுச்சு. "சரிக்கா. நாள் குறிச்சு, மறுபடியும் ஒரு தடவை வந்து மண்ணைப் பார்க்குறோம். அதே இடத்துல வச்சுப் பார்க்குறோம். டி-ன்னு வந்துச்சுன்னா அடுத்த ஐப்பசிக்குள்ள குழாயைத் தோண்டி எடுத்துட்டுப் பாலம் வைக்க நான் பொறுப்பு. மறுபடியும் ஏ-ன்னே வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. குழாய்தான் சரின்னு ஆயிரும்"னு சொல்லுச்சு. மிரட்டுது பாரு.

நாளைக் காலையில வர்றாங்க.

இப்ப நான் எதுக்குக் கவலைப்படுறேன்னா, வேப்பமரத்தடியில மணலு இல்ல. அந்த வெள்ளம் வந்துச்சுல்ல, குழியில இருந்ததைப் பூராம் அரிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு. அரிச்ச இடத்துல வண்டல் வந்து அடைஞ்சு, கன்னங்கரேல்னு களி. போன வாரமே ஒரு குடம் ஊத்திப் பார்த்தேன். காலையில ஊத்துனது சாயங்காலமும் நிக்குது. காக்கா வந்து குடிச்சுட்டுப் போகுது.

அதான் தாயி இந்தச் சாக்கு.

நொய் இல்ல. உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன, நீ எங்க ஊரு இல்ல. டவுன்ல என் தம்பி மாடி கட்டுறான். எம்சாண்டு வேண்டாம்டா, ஆத்து மணலாப் பார்த்துக் கொடுன்னேன். எதுக்குக்கான்னு கேட்டான். கோயில்ல கொட்டுறதுக்குன்னேன். அரை அரைச் சாக்கா கொண்டு வர்றேன், இதோட சேர்த்தா குழி நிறைஞ்சுரும். இதுதான் கடைசி நடை. இடுப்பு விட்டுப் போச்சு. போய் இறங்குன உடனே களியை வெட்டி எடுத்துட்டு, இதைக் கொட்டி, மேல சருகு தூவணும். அவரு கை வைக்க மாட்டாரு. "நான் தொட மாட்டேன்"னு சொல்லிட்டாரு. தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டு விட்டத்தைப் பார்க்குறாரு. எல்லாம் நான்தான் தாயி செய்யணும். இந்தக் குடும்பத்துல எல்லாம் நான்தான்.

என்ன? மறுபடி சொல்லு, பஸ் சத்தத்துல காதுல விழல.

ஓ, உங்க ஆஸ்பத்திரியிலயா? சர்க்கரை பார்க்க வர்றவங்களா? முதல் நாள் ராத்திரியே பட்டினி கிடந்து, மாத்திரையை ரெண்டாப் போட்டுட்டு வந்து ரத்தம் கொடுப்பாங்களா? அளவு கம்மியா வரணும்னுதானா? டாக்டர் திட்டக் கூடாதுன்னு! ஐயோ, எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சா இருமல் வருது. இரு... இப்படியும் முட்டாள் ஜனங்க இருக்காங்களா தாயி? வியாதி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே மருந்து கொடுப்பாங்க? டாக்டரை ஏமாத்துறதா நினைச்சு எவளாவது தன் உடம்பைத் தானே கெடுத்துக்குவாளா? ரெண்டு அறை வச்சு அனுப்ப வேண்டியதுதானே நீ!

அப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சு? கால் எடுத்தாங்களா? பாவம். விதி.

என்ன, அந்தக் களியையே காட்டச் சொல்றியா? நீயும் அந்தப் பொண்ணு மாதிரியே பேசுற. படிச்ச பிள்ளைங்க எல்லாம் ஒரே பள்ளிக்கூடம்தான். உனக்கு நிலம் இருக்கா தாயி? இல்லையில்ல? அப்ப உனக்குத் தெரியாது. நீ பாஸாகிப் பாஸாகியே வந்தவ. ஃபெயிலானா எங்க கொண்டு போய் விடுவாங்கன்னு உனக்குத் தெரியாது.

சரி சரி, அந்தா தெரியுது பாரு, அதான் மூணு கண் பாலம். வெள்ளையடிச்சு வச்சிருக்காங்க, கல்யாண வீடு மாதிரி. அடுத்தது என் நிறுத்தம். சாக்கைக் கொஞ்சம் தலையில தூக்கி வச்சு விடு தாயி. எந்திரி.

ஏன் அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்க? கையை எடு. வண்டி நிக்காது, விசில் அடிச்சிருவாரு. கையை எடு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்... கண்டக்டர் ஐயா, நீங்களாவது ஒரு கை கொடுங்க. ஆமா ஐயா, நொய்தான். நல்ல நொய்யி, அதான் கனம். அப்படித்தான், மெதுவா. சும்மாட்டுல உட்கார்ந்துருச்சு, விடுங்க.

வர்றேன் தாயி. மனசுல ஒண்ணும் வச்சுக்காத. உங்க அக்கா வீட்டுல இருந்து திரும்பும்போது ஒரு நாள் இறங்கி வா, மோர் கரைச்சுத் தர்றேன். வேப்பமரத்து வீடுன்னு கேளு. பின்சுவர் இல்லாத வீடுன்னு கேட்டாலும் காட்டுவாங்க.

வர்றதுன்னா ஐப்பசிக்கு முன்னாலயே வந்துரு.